நாலு தபால் தலையும் ஒரு ராத்திரியும்

பாரீஸ் நகரம். 1650களின் கடைசி. ஒரு குளியல் விடுதியில் கட்டில் போட்டிருக்கிறது. கட்டிலைச் சுற்றித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் மருத்துவர்கள், ரண சிகிச்சைக்காரர்கள், மருத்துவச்சிகள் என்று ஒரு கூட்டம். அந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. கோர்ட் உத்தரவு. 'என் புருஷனால் முடியாது' என்று பெண் வழக்குப் போட்டிருக்கிறாள். 'முடியும், நிரூபிக்கிறேன்' என்று புருஷன் சவால் விட்டிருக்கிறான். நிரூபிக்கத்தான் இந்த ஏற்பாடு.

இந்த விசாரணைக்குப் பெயர் காங்கிரஸ். சிரிக்காதீர்கள். கூடுதல் என்று அர்த்தம். நம் ஊர்க் கட்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கத்தோலிக்க பிரான்சில் அன்று விவாகரத்து என்பதே இல்லை. கட்டியவன் குடிகாரனோ கொடுமைக்காரனோ, கடைசிவரை கட்டி மேய்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு சந்து உண்டு. அவனுக்கு ஆண்மை இல்லை என்று நிரூபித்துவிட்டால், அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று சபை அறிவித்துவிடும். எனவே வழக்குகள் குவிந்தன. தீர்ப்புச் சொல்ல ஒரு பரிசோதனை தேவைப்பட்டது. அதுதான் இந்தத் திரை போட்ட கட்டில்.

நாம் பார்த்த கட்டிலில் இருந்தவர் லாங்கே பிரபு. பெரிய இடத்துப் பிள்ளை. அவரது மனைவி குர்த்தோமே குடும்பத்துப் பெண். சிறுமி என்றே சொல்லவேண்டிய வயதில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சில வருடங்கள் குடித்தனம் நடத்திவிட்டுத்தான் வழக்குப் போட்டாள். பாரீஸ் முழுக்க இதே பேச்சு. பிரபு தைரியமாகப் போனார். நேரம் ஓடியது. வெளியே நிபுணர்கள் காத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

1659ல் தீர்ப்பு. கல்யாணம் செல்லாது. வரதட்சணையைத் திருப்பிக்கொடு. இனிமேல் நீ கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது.

லாங்கே பிரபு அந்தத் தடையை மதிக்கவில்லை. இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். குழந்தைகள் பிறந்தன. ஒன்று, இரண்டு அல்ல. ஏழு.

கோர்ட்டின் முகத்தில் இதைவிடப் பெரிதாக யாரும் கரி பூசியிருக்க முடியாது. கடைசியில் 1677ல் பாரீஸ் நீதிமன்றம் காங்கிரஸ் பரிசோதனையையே ஒழித்துக்கட்டியது.

பரிசோதனை ஒழிந்தது. கேள்வி ஒழியவில்லை. ஒரு ஆணால் முடியவில்லை என்றால் அது உடம்பின் கோளாறா, அல்லது அந்த நேரத்து பயம், பதற்றம், கூச்சமா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்துப் பேர் காத்திருக்க 'ம், ஆகட்டும்' என்று சொன்னால் ஆரோக்கியமான மனிதனுக்கும் ஒன்றும் ஆகாது. பரிசோதனையே நோயை உண்டாக்குகிறது என்றால் அது என்ன பரிசோதனை?

நான் படித்தது பி.காம். அந்தப் பாஷையில் சொல்வதானால், முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு ஆடிட் பண்ணக்கூடாது. கம்பெனிக்கே தெரியாமல் ஆடிட் பண்ணவேண்டும். மனசு என்கிற முதலாளி லீவில் போயிருக்கும்போது உடம்பு என்கிற தொழிற்சாலை ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

மனசு எப்போது லீவில் போகும்?

தூங்கும்போது.

இந்த எளிய பதிலுக்கு வந்து சேர மருத்துவ உலகத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் பிடித்தது.

1940ல் ஹால்வர்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கைக்குழந்தைகளைக் கவனித்து எழுதினார். தூங்குகிற ஆண் குழந்தைகளுக்கும் விறைப்பு வருகிறது. குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிற நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் விஞ்ஞானத்துக்கு யாராவது எழுதிவைத்தால்தான் செய்தி.

1944. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் ஓல்மையர் என்பவரும் இரண்டு சகாக்களும் தூங்குகிற ஆண்களின் உறுப்பில் ஒரு வளையத்தை மாட்டி ராத்திரி முழுக்கப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிடைத்த முடிவு அவர்களுக்கே ஆச்சரியம். சுமார் 85 நிமிடத்துக்கு ஒருமுறை விறைப்பு வருகிறது. சுமார் 25 நிமிடம் நிற்கிறது. போகிறது. மறுபடி வருகிறது. கடிகாரம் வைத்த மாதிரி.

ஏன் இப்படி? அவர்களிடம் பதில் இல்லை. போர்க்கால ஜெர்மனியில் வெளியான கட்டுரை. வெளியுலகம் கண்டுகொள்ளவும் இல்லை.

பதில் வேறொரு வாசல் வழியாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்றொரு ஆராய்ச்சி மாணவர். கையில் காசில்லை. கிடைத்தது ஒரு பழைய மூளை அலைக் கருவி. தன் எட்டு வயது மகன் ஆர்மண்டையே படுக்கவைத்து, கண்ணோரம் ஒயர் ஒட்டி, ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தார். நன்றாகத் தூங்குகிற பையனின் கண்கள் மூடிய இமைக்குள் சரசரவென்று ஓடின. சில நிமிடம் ஓட்டம். அப்புறம் அமைதி. மீண்டும் ஓட்டம். 1953ல் தன் பேராசிரியர் கிளைட்மனுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். கண்கள் ஓடும் அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இன்று ரெம் தூக்கம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

ரெம் தூக்கம் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது? சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை.

85 நிமிடம் ஞாபகம் வருகிறதா?

நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் சார்லஸ் ஃபிஷருக்கு ஞாபகம் வந்தது. அவர் ஃப்ராய்ட் வழிவந்த மனோதத்துவக்காரர். 1965ல் அவரும் குழுவினரும் இரண்டையும் ஒரே ராத்திரியில் அளந்து பார்த்தார்கள். ரெம் வரும்போதெல்லாம் கூடவே விறைப்பும் வந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும். அதே சமயத்தில் புரூக்ளினில் இஸ்மத் கராஜான் என்ற துருக்கியில் பிறந்த டாக்டரும் தனியாக இதே விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

என்ன கனவு என்பது முக்கியமில்லை. பரீட்சைக்கு லேட்டாகப் போகிற கனவாக இருந்தாலும் விறைப்பு வருகிறது. கனவே சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கும் வருகிறது. ரெம் தூக்கத்தில், மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம் ஓய்வெடுக்கிறது. விழித்திருக்கும்போது உறுப்பின் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் கட்டளைகள் அதனால் தளர்கின்றன. ரத்தம் பாய்கிறது. அவ்வளவுதான். விடிகாலையில் எழும்போது காண்பது சிறுநீர் முட்டுவதால் வருவதாக நினைக்கிறோமே, அது பெரும்பாலும் ராத்திரியின் கடைசி ரெம் விட்டுப்போன மிச்சம்.

இதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாமே என்று 1970ல் எழுதியவர் அதே கராஜான்.

அந்தக் காலகட்டத்தில் ஒருவன் டாக்டரிடம் போய் இந்தப் பிரச்னையைச் சொன்னால் என்ன நடக்கும்? பத்தில் ஒன்பது பேருக்கு இது மனசுக் கோளாறு என்றுதான் பாடப் புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வைத்திருந்தன. சர்க்கரை நோய் முற்றி, நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போய் வந்தவனுக்கும் அதே பதில்தான். 'சின்ன வயசில் உங்க அம்மாகூட எப்படி இருந்தீங்க?' என்று ஆரம்பித்து வருடக்கணக்கில் கேள்வி கேட்பார்கள். வீட்டில் மனைவி, 'உங்களுக்கு என்மேல் பிரியம் இல்லை' என்று அழுவாள். உடம்பு நோயாளிக்கு மனநோயாளிப் பட்டம்.

கராஜான் சொன்ன தர்க்கம் ரொம்ப எளிமை. தூக்கத்தில் ஒழுங்காக விறைப்பு வருகிறதா? அப்படியானால் ரத்தக் குழாய், நரம்பு, ஹார்மோன் எல்லாம் பெரும்பாலும் சரி. பிரச்னையை மனசில் தேடு. தூக்கத்திலும் வரவில்லையா? உடம்பைப் பார். ஊசி கிடையாது. கத்தி கிடையாது. ரத்தம் ஒரு சொட்டு வராது. தூங்கினால் போதும்.

பிறகு கராஜான் ஹூஸ்டனில் ஒரு தூக்க ஆய்வுக்கூடம் நடத்தினார். பாதரசம் அடைத்த மெல்லிய ரப்பர்க் குழாய் வளையம். உறுப்பு பெருத்தால் வளையம் விரியும், மின்தடை மாறும், பேப்பரில் கோடு ஏறும். தலையிலும் கண்ணோரத்திலும் ஒயர்கள். புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது என்பதால் பொதுவாக மூன்று ராத்திரிகள் படுக்கவேண்டும்.

ஒரு சிக்கல். பெருப்பது வேறு, விறைப்பது வேறு. சுற்றளவு கூடினாலும் போதிய உறுதி இல்லாமல் இருக்கலாம். எனவே கோடு உச்சத்துக்குப் போனதும் ஊழியர் உள்ளே வந்து ஆளை எழுப்பி, உறுதி எவ்வளவு என்று ஒரு கருவியை அழுத்தி அளப்பார். நடு ராத்திரியில்! லாங்கே பிரபு கேட்டிருந்தால் கசப்பாகச் சிரித்திருப்பார். திரை போய் ஒயர் வந்ததே தவிர, பக்கத்தில் ஆள் நிற்பது போகவில்லை.

செலவும் அதிகம். ஆய்வுக்கூடம், மூன்று ராத்திரி, கண்விழிக்கும் ஊழியர். எல்லாராலும் முடிகிற காரியமா?

1980. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பாரி, பிளாங்க், பாய்லோ என்று மூன்று டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கருவியின் பெயரைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்.

தபால் தலை.

நிஜமான தபால் தலைதான். பிரிக்காத நாலு தலைகள் கொண்ட ஒரு துண்டு. படுக்கப் போகும்முன் அதை உறுப்பைச் சுற்றி மோதிரம் மாதிரி வளைத்து, ஓரத்தை ஈரப்படுத்தி ஒட்டிக்கொள்ளவேண்டும். தலைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக ஓட்டை போட்டிருக்கும் இல்லையா, கிழிப்பதற்கு வசதியாக? காலையில் எழுந்து பார்க்கும்போது அந்த ஓட்டை வரிசையில் கிழிந்திருந்தால் ராத்திரி விறைப்பு வந்திருக்கிறது. முழுசாக இருந்தால் வரவில்லை. முடிந்தது பரிசோதனை.

சொந்த வீடு. சொந்தப் படுக்கை. எட்டிப் பார்க்க ஆளில்லை. செலவு, நாலு தலையின் விலை.

குறையும் உண்டு. தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் கிழியலாம். ஒரு தரம் கிழிந்ததா, ஐந்து தரம் வந்ததா தெரியாது. எவ்வளவு உறுதி, எத்தனை நிமிடம்? தபால் தலை பேசாது. பிற்பாடு, வெவ்வேறு பலத்தில் அறுந்துபோகிற மூன்று பிளாஸ்டிக் பட்டைகள் கொண்ட வளையம் ஒன்று வந்தது. எத்தனை பட்டை அறுந்தது என்று பார்த்தால் உறுதியின் அளவு ஓரளவு தெரிந்துவிடும்.

1985ல் வந்தது ரிஜிஸ்கேன். தொடையில் கட்டிக்கொள்ள ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு வளையங்கள். ஒன்று அடியில், ஒன்று நுனியில். 15 விநாடிக்கு ஒருமுறை சுற்றளவை அளக்கும். அவ்வப்போது மெதுவாக இறுக்கி உறுதியையும் அளக்கும். யாரையும் எழுப்பவேண்டாம். காலையில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கம்ப்யூட்டர் வரைபடம் போட்டுக் காட்டும். ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு ராத்திரியில் மூன்று முதல் ஆறு தடவை. நுனியில் 60 சதவீத உறுதியாவது பத்து நிமிடம் நின்றால் உறுப்பின் இயந்திரம் வேலை செய்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி இதுதான் ராஜபாட்டை என்று நினைத்த நேரத்தில் கதை திரும்பியது.

1983. லாஸ் வேகாஸ் நகரில் சிறுநீரகவியல் மருத்துவர்கள் மாநாடு. பேச வந்தவர் ஜைல்ஸ் பிரிண்ட்லி, பிரிட்டிஷ் விஞ்ஞானி, ஐம்பது தாண்டியவர். ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஒரு மருந்தை உறுப்பில் ஊசியாகப் போட்டால் ஆசை, கற்பனை எதுவும் இல்லாமலே விறைப்பு வரும் என்றார். சபை சந்தேகத்தோடு பார்த்தது. வருவதற்கு முன் அறையில் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்த பிரிண்ட்லி, நிரூபணத்தை மேடையிலேயே காட்டிவிட்டார். கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்த டாக்டர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் அலறினார்கள். முந்தைய வருடமே பிரான்சில் விராக் என்ற டாக்டர் இன்னொரு மருந்தை வைத்து இதைச் சொல்லியிருந்தாலும், உலகம் நினைவு வைத்திருப்பது பிரிண்ட்லியைத்தான்.

மூன்று ராத்திரி சொல்கிற சேதியில் பாதியை ஓர் ஊசி அரை மணியில் சொல்லிவிடும். பிறகு 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க அரசு வயாக்ராவுக்கு அனுமதி கொடுத்தது. காரணம் மனசோ உடம்போ, பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை கேட்டது. 'முதலில் மாத்திரையைப் போட்டுப் பார், அப்புறம் காரணம் தேடலாம்' என்றாகிவிட்டது. ராத்திரிப் பரிசோதனை பின்வரிசைக்குப் போனது. இன்றும் உண்டு. இளம் வயதுக்காரர்கள், காரணம் குழப்பமாக இருப்பவர்கள், விபத்து நஷ்டஈடு, விவாகரத்து மாதிரி சட்டச் சிக்கலில் இருப்பவர்கள் என்று குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் டாக்டர்கள் கேட்கிறார்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. ஒருவரின் இயலாமையால் தாம்பத்தியமே நடக்கவில்லை என்றால் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்று நம்முடைய 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 12வது பிரிவும் சொல்கிறது. பாரீஸ் கோர்ட் தேடிய அதே பதிலை நம் குடும்ப கோர்ட்டுகளும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, இத்தனை ராத்திரி அளந்து என்னதான் தெரிந்தது?

இங்கேதான் வேடிக்கை. மனசா, உடம்பா என்று இரண்டு பெட்டிகளாகப் பிரிக்கத்தான் இந்தப் பரிசோதனை பிறந்தது. ஆனால் அளக்க அளக்கப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்த சுவர் கரைந்துபோனது. கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்களுக்குத் தூக்கத்திலும் விறைப்பு குறைகிறது. அது மனசா, உடம்பா? தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு உள்ளவர்களுக்கும் குறைகிறது. அது தூக்கத்தின் கோளாறு. சில நரம்பு நோய்களில் தூக்கத்தில் வரும், விழித்திருக்கும்போது வராது. சர்க்கரையால் லேசாக ஆரம்பிக்கும். இரண்டு தடவை தோற்றதும் பயம் பிடிக்கும். மூன்றாம் தடவை தோற்பது சர்க்கரையாலா, பயத்தாலா? பல பேருக்கு இரண்டும்தான்.

1992ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, 'ஆண்மையற்றவன்' என்று ஆளையே குறை சொல்கிற பழைய வார்த்தையைக் கைவிட்டு, 'விறைப்புக் குறைபாடு' என்று சொல்லச் சொன்னது. ரத்த அழுத்தம் மாதிரி, கண்புரை மாதிரி இதுவும் ஒரு குறைபாடு. அவ்வளவே. 1994ல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருந்தது. பாதிக்கு மேல்! தனக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒவ்வொருவனும் தனித்தனியாகப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சேதி இனிமேல்தான். உறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் விட்டம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் குழாய்கள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்புப் படிவது உடம்பெங்கும் நடக்கிற காரியம். எந்தக் குழாய் முதலில் அடைபடும்? சின்னதுதானே?

2003ல் இத்தாலியின் மாண்டோர்சி குழுவினர், மார்வலியோடு வந்து இதயக் குழாய் அடைப்பு உறுதியான 300 பேரை விசாரித்தார்கள். 49 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்பே வந்திருந்தது. சராசரியாக மூன்று வருடத்துக்கும் மேல் முன்பே.

மூன்று வருடம்! இதயம் முன்கூட்டியே தந்தி அடித்திருக்கிறது. கூச்சத்தில் யாரும் பிரித்துப் படிக்கவில்லை. சிலர் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் அந்தத் தந்தியைக் கொடுத்திருப்பார்கள். 'இளமையில் செய்த தவறு' என்று அவர் அர்த்தம் சொல்லி, லேகியத்துக்குப் பில் போட்டிருப்பார். அந்த மூன்று வருடத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்திருந்தால், சிகரெட்டை விட்டிருந்தால் எத்தனையோ பேர் அந்த நெஞ்சுவலியைத் தவிர்த்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி தபால் தலையைத் தேடாதீர்கள். அது அந்தக் காலத்து வைத்தியம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வயாக்ரா வகை மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம், அதையும் செய்யாதீர்கள்.

விடிகாலை விறைப்பு முன்பு மாதிரி இருக்கிறதா, அல்லது மாதக்கணக்கில் காணவே காணோமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். டாக்டர் உங்களிடம் கேட்கப்போகிற முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்று. கராஜானின் மூன்று ராத்திரி தர்க்கம் அந்த ஒற்றைக் கேள்விக்குள் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. கேள்விக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரும், ஒருவேளை ஈசிஜியும் வரும். சங்கடப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

லாங்கே பிரபுவைப் பரிசோதிக்க ஒரு கூட்டமே வந்தது. உங்களுக்கு ஒரு டாக்டர் போதும். கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.